சிவப்பு மாத்திரையின் பூர்வீகம்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்குகிற எல்லைப்புறம். தக்காளி, ராகி, கொத்தமல்லி, ரோஜா என்று விளைந்த பூமிக்கு நடுவே இப்போது ஆலைகளின் கூரை தெரிகிறது. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கக் கூடாது என்று விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். காலையும் மாலையும் இளம்பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓடுவதும் இதே சாலையில்தான்.

இங்கே ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்து, கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதிந்த பிறகு கைக்கு வருவது சிவப்பு மாத்திரை அட்டை. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். தினம் ஒன்றாக, பேறுகாலத்தில் 180 நாள், பிள்ளை பெற்ற பின் 180 நாள். வாங்கிய அட்டை அப்படியே அலமாரியில் கிடப்பதும் உண்டு. குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகும் என்று ஆயிரம் காரணம். நர்சம்மாக்கள் இந்த வழக்கைத் தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரும்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஃபோலிக் அமிலத்தின் பூர்வீகம்தான் அதிகம் பேசப்படாதது. அது பம்பாய்ப் பஞ்சாலைத் தெருக்களில் தொடங்கி, குன்னூர் மலையேறி, சென்னை சேப்பாக்கத்தில் இறங்கி, அமெரிக்கா போய்த் திரும்பிய கதை. ஆலைப் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்துக் கண்டுபிடித்த ஒன்று, இன்று ஆலைகள் முளைத்த ஊரின் பெண்களுக்குக் கிடைக்கிறது. நடுவில் கிட்டத்தட்ட 100 ஆண்டு.

1920-களின் பம்பாயில், பஞ்சாலைப் பெண்கள் உட்பட, கர்ப்பிணிகளை ஒரு விதச் சோகை வாரிக்கொண்டு போனது. முகம் வெளிறும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஏழாம் எட்டாம் மாதத்தில் நிலைமை முற்றும். பிரசவத்தில் சிந்துகிற கொஞ்ச ரத்தத்தைக்கூட உடம்பு தாங்காது. நுண்நோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. இரும்பு கொடுத்தும் பயனில்லை. மருத்துவர்கள் இதற்குக் ‘கர்ப்பகாலக் கொடுஞ்சோகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்; காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஏதோ கிருமியின் வேலை என்பது பலருடைய ஊகம்.

இந்தியப் பெண்கள் மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த மார்கரெட் பால்ஃபோர் இதைத் துரத்தியவர்களில் முக்கியமானவர். அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைக்கிற பெண்களின் பேறுகாலத்தை ஆராய்ந்த அவர், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வாளரை அழைத்தார். 1928-இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த அவர் பெயர் லூசி வில்ஸ். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நடத்திய பிரசவ மரண விசாரணையில் அவருக்கு வேலை. அந்தச் சங்கம்தான் 1949-இல் ஐ.சி.எம்.ஆர். என்று பெயர் மாறியது.

வில்ஸ் 1888-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். ஆனால் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1948 வரை மனம் வரவில்லை. முதல் உலகப் போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தவர், அங்கே காயம்பட்டவர்களைக் கவனிக்கும் தொண்டில் இறங்கி, அதன் பிறகே மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். 1920-இல் மருத்துவரானார். கிளினிக் வைத்துச் சம்பாதிப்பதில் நாட்டமில்லாமல் ஆய்வகத்துக்குள் போனார்.

பம்பாயில் அவர் முதலில் செய்தது எளிய காரியம். இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சோகை அரிதாக வந்தது. ஏழைகளுக்கு வந்தது, அதிலும் பர்தாவுக்குள் வாழ்ந்த ஏழை முஸ்லிம் பெண்களுக்கு மிக அதிகம். அவர்கள் தட்டில் காயில்லை, கீரையில்லை, பழமில்லை, புரதம் பேருக்கு. கிருமியைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே சோற்றுப் பானையை எட்டிப் பார்த்ததுதான் வில்ஸின் மேதைமை என்று சொல்லலாம். ஏழைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளில் கடைசியாகக் கேட்கப்படுகிற கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்களின் உணவையே எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சினையான எலிகள் சோகை பிடித்து, குட்டி போடுவதற்கு முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் சோகை வரவில்லை. வெற்றி என்று துள்ள முடியவில்லை. எலிகளின் மேல் இருந்த பேன் பரப்பிய ஒரு தொற்றும் அவற்றின் ரத்தத்தைக் கெடுத்திருந்தது பிறகு தெரியவந்தது. கணக்கு குழம்பியது. குரங்குகளை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் வேலை செய்த இடம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். அங்கே ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சியில் ஏற்கெனவே பேர்பெற்றிருந்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி உணவையும் எலிக் கூட்டத்துக்குத் தனித்தனியாகக் கொடுத்து எடை பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய் என்று பஞ்சாப் உணவு தின்ற எலிகள் கொழுத்தன. வெள்ளரிசியை நம்பிய மதராஸ் உணவுக்காரக் கூட்டம் அதில் கடைசி வரிசையில் நின்றது. தமிழர்களுக்கு இது பெருமையான சோதனை அல்ல. ஆனால் உணவுக்கும் உடம்புக்கும் உள்ள உறவை எடைக்கல்லில் காட்டிய அந்த மலை ஆய்வகம்தான் பின்னாளில், 1958-இல், ஹைதராபாத்துக்கு இடம் மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

1931 தொடக்கத்தில் வில்ஸ் சென்னைக்கு வந்தார். தங்கி வேலை செய்தது சேப்பாக்கத்தில், ஊர் வாயில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று இன்றும் வழங்குகிற மருத்துவமனையில். 1885-இல் மேரி ஷார்லீப் முயற்சியில் தொடங்கப்பட்டது அது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் சேர்த்துக்கொண்ட முதல் பெண்களில் ஒருவர் ஷார்லீப். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று, வைத்தியமே இல்லாமல் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக, பெண்களே நடத்துகிற மருத்துவமனை வேண்டும் என்றார். உயர்சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா என்கிற பர்தாவுக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்களுக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்துத்தான் அந்தக் காலத்தில் அதைத் திறக்க முடிந்தது. வெங்கடகிரி ராஜா கொடுத்த 1 லட்ச ரூபாய் கட்டடத்துக்கு உதவியது. சுதந்திரத்துக்குப் பின் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை ஆனது. எந்தத் திரைக்குப் பின்னால் சோகை அதிகம் இருந்ததோ, அந்தத் திரைக்காகவே கட்டப்பட்ட மருத்துவமனையில் அந்தச் சோகையின் ஆய்வாளர் வந்து உட்கார்ந்தது பொருத்தமாகவே அமைந்தது.

1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்ஸின் கட்டுரை வெளியானது. மருந்து, மார்மைட். பீர் வடிக்கும் ஆலையில் மிஞ்சுகிற ஈஸ்டிலிருந்து செய்யும், கறுத்த, உப்புக் கரிக்கிற பசை. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பது. இலங்கைத் தமிழர் வீடுகளில் அந்தப் போத்தலை அறியாதவர் குறைவு. விலை மலிவு. அதைக் கொடுத்ததும் சில நாளிலேயே பெண்களுக்குப் பசியெடுத்தது. புதிய சிவப்பணுக்கள் கிடுகிடுவென்று ஏறின. அப்போது கொடுஞ்சோகைக்கு இருந்த ஒரே மருந்து ஈரல். 1926-இல் மைனாட்டும் மர்ஃபியும் கண்டுபிடித்து, 1934-இல் விப்பிளோடு சேர்ந்து நோபல் வாங்கிய சிகிச்சை. ஆனால் தினமும் கால் கிலோ ஈரல் தின்ன பம்பாய் ஏழை எங்கே போவாள்? ஆலைக் கழிவில் கிடைத்த பசை அந்த இடத்தை நிரப்பியது.

இதோடு வில்ஸ் நிற்கவில்லை. 1937-இல் இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சகாக்களோடு சேர்ந்து நிறுவினார். சுத்திகரிக்காத ஈரல் சாறு இந்தப் பெண்களைக் குணப்படுத்தியது. சுத்திகரித்த சாறோ, வழக்கமான கொடுஞ்சோகை நோயாளிகளைக் குணப்படுத்தினாலும், இவர்களிடம் எடுபடவில்லை. அப்படியென்றால் ஈரலில் ஒன்றல்ல, இரண்டு பொருள்கள். ஒன்று பி12 என்று 1948-இல் வெளிப்பட்டது. மற்றொன்றுக்கு அப்போது பெயரே இல்லாமல் ‘வில்ஸ் பொருள்’ என்று அழைத்தார்கள்.

அதை 1941-இல் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் 4 டன் பசலை வகைக் கீரையை அரைத்துப் பிழிந்து பிரித்தெடுத்தார்கள். ஃபோலிக் அமிலம். ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து மாத்திரையாக்கக் கூடிய நிலைக்குக் கொண்டுவந்தது 1945-இல், அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில். அந்த அணிக்குத் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

சுப்பாராவ் பீமவரத்தில் 1895-இல் பிறந்த தெலுங்கர். பள்ளிப் படிப்பை முடித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். கோஷா ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தி சொன்னார் என்று கதரில் அறுவை அங்கி போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. மற்றத் தாள்களில் நன்றாகத் தேறியும், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். குடல் சத்தை உறிஞ்ச மறுக்கிற ஸ்புரூ என்ற நோயில் உடன்பிறந்தோர் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாக அமைந்தது.

சுப்பாராவின் அணி ஃபோலிக் அமிலத்தைச் செய்ததோடு, அதன் வேலையைத் தடுக்கிற போலிப் பொருள்களையும் செய்தது. உயிரணு பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைத் தடுத்தால் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணு பட்டினியில் சாகும். சிட்னி ஃபார்பர் 1948-இல் ரத்தப் புற்றுக் குழந்தைகளிடம் இதைக் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அவர் பார்க்காமல் போனது அதன் பின் நடந்தது. அந்தக் குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைக் கொண்டு, நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து கிளம்பி இளம் தாய்மார்களைக் கொன்றுவந்த கோரியோகார்சினோமா என்ற புற்றை 1956-இல் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் மருந்தால் மட்டுமே குணமாக்கினார்கள். திடக்கட்டிப் புற்று ஒன்று மருந்திலேயே கரைந்து போனது அதுவே முதல் முறை. இன்றைக்குக் கரு குழாயில் தங்கிவிட்டால், சீக்கிரமே கண்டுபிடித்த பெண்களுக்குக் கத்தி வைக்காமல் கொடுக்கிற ஊசியும் அதே மெத்தோட்ரெக்சேட்தான். ஒரே பொருள், கொடுத்தால் ஒரு வைத்தியம், தடுத்தால் இன்னொரு வைத்தியம்.

வில்ஸ் கடைசிவரை சைக்கிளில் ஆய்வகத்துக்குப் போய்வந்தார். ஓய்வுக்குப் பின் ஃபிஜி, ஜமைக்கா என்று அலைந்து அங்கும் சோகையை ஆராய்ந்தார். செல்சியில் தொழிற்கட்சிக் கவுன்சிலராகவும் இருந்தார். 1964-இல் இறந்தார். நோபல் அவர் பக்கம் வரவில்லை.

சென்னையில் வில்ஸ் ஆராய்ந்த காலத்தை ஒட்டி அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. ஆ. லட்சுமணசாமி முதலியார், சென்னை நகரில் பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்து 1933-இல் அறிக்கை கொடுத்தார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளரான முதல் இந்தியர் அவர். மருத்துவர் கிருஷ்ண மேனனோடு சேர்ந்து அவர் எழுதிய மகப்பேறு மருத்துவ நூல் இன்றும் புதுப்பதிப்பு கண்டுகொண்டிருக்கிறது. தாய் இறந்தால் காரணத்தைத் தோண்டி எழுது என்ற வழக்கம் தமிழ்நாட்டில் 1990-களில் அரசு நடைமுறையாகவே வந்தது. அதன் வேர் இங்கே இருக்கிறது.

உத்தனப்பள்ளி அப்போது சேலம் மாவட்டத்து ஊர். 1965-இல் தருமபுரி பிரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இந்தக் கதைக்குச் சேலமும் ஒருவரைக் கொடுத்திருக்கிறது. சி. கோபாலன் அங்கே 1918-இல் பிறந்தார். சென்னையில் மருத்துவம் படித்து, குன்னூர் ஆய்வகத்தில் சேர்ந்து, அது ஹைதராபாத் போனதும் அதன் இயக்குநராகி, ஐ.சி.எம்.ஆரின் தலைமை இயக்குநருமானார். 101-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரம் முன்பு, 2019-இல் மறைந்தார். இந்திய உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்று அவர் குழு போட்ட அட்டவணைப் புத்தகம் இன்றும் ஊட்டச்சத்து மாணவர்களின் கைப்புத்தகம். 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் கால்சியம் என்று அதில் இருக்கிறது. எல்லைப்புறத்து வீடுகளில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் அன்றாடமாக இருந்த காலத்துக்கு அந்த வரி ஒரு சான்றிதழ். களியை ‘ஏழைச் சாப்பாடு’ என்று ஒதுக்கிவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறிய வீடுகள் எவ்வளவு இழந்தன என்பதற்கும் அதுவே கணக்கு. ஆனால் ராகி தின்றால் சோகை வராது என்று யாரும் சத்தியம் செய்யவும் முடியாது. அதிலுள்ள ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ மிச்சத்தைத் தடுக்கும்.

மாத்திரை அரசுத் திட்டமானது 1970-இல். கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் 100 நாளைக்கு என்று தேசியச் சோகைத் தடுப்புத் திட்டம் அறிவித்தது. எவ்வளவு கொடுத்தால் போதும் என்று பக்கத்து வேலூரில் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாதன் குழுவும் டெல்லிக் குழுவும் உலகச் சுகாதார நிறுவன உதவியுடன் சோதித்தன. 1975-இல் முடிவு வந்தது. அளவைக் கூட்டக் கூட்ட ரத்தம் ஏறியது. உச்ச அளவு கொடுத்தும் சோகை நீங்காத பெண்களும் இருந்தார்கள். கர்ப்பத்தின் பிற்பாதியில் தொடங்குகிற மாத்திரையால், பிறந்ததிலிருந்து சேர்ந்த கடனை அடைக்க முடியவில்லை.

அரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கடன் தீரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டில் சோகையுள்ள கர்ப்பிணிகள் 52.2 சதவீதம். பிரசவத்தில் முன்னோடி என்று பேர் வாங்கிய தமிழ்நாட்டில் 48.3. ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஆய்வில் அது ஏறக்குறைய 44 ஆக இருந்தது. வீட்டுப் பிரசவம் அநேகமாக ஒழிந்துவிட்ட, 108 வண்டி வாசலுக்கு வருகிற, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரசவம் பார்க்கிற மாநிலத்தில் இந்த எண் ஏறியிருக்கிறது.

மாத்திரை மீது பழி போட முடியாது. வில்ஸ் கண்டது நோய்க்குக் காரணம் தட்டு என்பதை. அரசுகள் எடுத்துக்கொண்டது அவர் கண்ட மருந்தை மட்டும். தட்டைச் சரிசெய்வது கூலி, வேலை நேரம், வீட்டில் பெண் கடைசியில் சாப்பிடுகிற பழக்கம் எல்லாவற்றையும் தொடுகிற காரியம், மாத்திரை மலிவு. ஆலைப் பெண்கள் பிள்ளை பெற்றால் கூலியோடு விடுப்பு என்று பம்பாய் 1929-லும், சென்னை மாகாணம் 1934-லும் சட்டம் போட்டன. 1961-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2017-இல் 26 வாரமானது. ஒப்பந்தக் கூலியாக ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்காக நின்றுவிடுகிற பெண்ணுக்கு அந்த 26 வாரம் எட்டாக்கனி. தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கி இப்போது 18,000 ரூபாய் மதிப்புக்கு வளர்ந்திருப்பதும், அதில் பேரீச்சம்பழமும் சத்துமாவும் கொண்ட பெட்டகம் சேர்ந்திருப்பதும் தட்டை நோக்கித் திரும்பிய ஒரு நல்ல அடி.

இன்னொரு விஷயம் பாக்கி. லிவர்பூலில் ஹிப்பர்டு 1960-களிலும், லீட்ஸில் ஸ்மித்தல்ஸ் 1980-லும் சந்தேகித்ததை, 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆய்வு 1991-இல் நிரூபித்தது. முதுகுத்தண்டு மூடாத குழந்தையை முன்பு பெற்ற பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. கருவின் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கருத்தரித்த 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, பரிசோதித்து, நர்சம்மாவிடம் பெயர் கொடுப்பதற்குள் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டிருக்கும். சிவப்பு மாத்திரை தாயின் ரத்தத்துக்கு உதவும். பிள்ளையின் முதுகுத்தண்டுக்கு அது நேரம் தவறிய மாத்திரை.

அதனால்தான் பிள்ளைக்குத் தயாராகும் பெண் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கி முதல் மூன்று மாதம் முடியும்வரை சாப்பிட வேண்டும் என்று இந்திய அரசின் 2018 சோகை ஒழிப்புத் திட்டமும் சொல்கிறது. காகிதத்தில் இருப்பது ஊருக்குள் வரவேண்டும். ஓசூர், உத்தனப்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கம் பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு வைத்திருக்கிற ஆலைகளின் மருத்துவ அறையிலும் பெண்கள் விடுதியிலும் இந்த மாத்திரை இருக்க வேண்டும். வீட்டில் கல்யாணம் நிச்சயமான பெண் இருந்தால், பத்திரிகை அடிக்கிற வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பார்த்து, ஃபோலிக் அமிலம் கேட்டு வாங்குங்கள். முன்பு அப்படிக் குறையோடு குழந்தை பிறந்த வீடானால் அளவு பல மடங்கு வேண்டும். அதை மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.